பதில்: ‘அப்ஸ்கேலிங்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> உயர்தெளிவாக்கம் என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிதாக இருக்கிறது.

சொல் நன்றாகத்தான் இருக்கிறது அம்மா. ஆனால் அப்ஸ்கேலிங் என்பது புள்ளி குறைந்த படத்தைப் புள்ளி கூடிய திரைக்கு விரித்துக் காட்டுவதுதான். இந்தச் சொல்லோ தெளிவு கூடிவிட்டது என்று நம்பவைக்கிறதே! அங்கே தெளிவு துளிகூடக் கூடுவதில்லை. எஸ்.டி. என்கிற பழைய சாதாரணத் தெளிவுப் படத்தில் 720க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். எச்.டி. என்கிற உயர்தெளிவில் 1920க்கு 1080, அதாவது 20,73,600. சரியாக ஐந்து மடங்கு. அந்தத் திரையில் இந்தப் படத்தை விரித்தால், ஐந்தில் நான்கு பங்குப் புள்ளிகளுக்குக் கேமராவில் பதிவே கிடையாது. அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வைத்து டி.வி. தானே கணக்குப் போட்டு இட்டுக்கொள்கிறது.

> லோக்கல் சேனல்காரர்கள் பழைய கேமராவை விடமாட்டேன் என்கிறார்கள், அதுதான் காரணம்.

உள்ளூர்ச் சேனல் படம் மங்கலாகத் தெரிவதற்கு இதுதான் காரணம் என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. மதுரைப் பக்கம் கல்யாண வீடியோ எடுப்பவர்களே எச்.டி. கேமராவுக்கு மாறி வெகுகாலம் ஆகிறது. படம் இளைப்பது கேமராவைத் தாண்டிய பிறகுதான். கேபிள் முழுக்க டிஜிட்டலாக மாற வேண்டிய கெடு தள்ளித் தள்ளிப் போய், கடைசிக் கட்டத்துக்கு 2017 மார்ச் 31 என்று நின்றது. நம் தமிழக அரசின் கேபிள் நிறுவனத்துக்கு டிஜிட்டல் உரிமம் வந்ததே அந்த ஏப்ரலில்தான். செட்டாப் பெட்டி கொடுக்கத் தொடங்கியது செப்டம்பரில். வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் எஸ்.டி. பெட்டிகள். அதோடு இடநெருக்கடியும் உண்டு. கேபிளில் ஓர் அலைவரிசையில் நொடிக்கு ஏறத்தாழ 38 மெகாபிட் போகும். எஸ்.டி. என்றால் பத்துச் சேனலை அடைக்கலாம், எச்.டி. என்றால் நாலைந்துதான். நகைக்கடை விளம்பரத்தையும் கீழே ஓடும் வரியையும் நம்பிப் பிழைக்கிற உள்ளூர்ச் சேனலுக்கு அதில் யார் இடம் தருவார்கள்?

ஆக, எச்.டி.யில் எடுத்ததைக் கண்ட்ரோல் ரூமில் எஸ்.டி.க்கு இறக்குகிறார்கள், வீட்டு டி.வி. அதை மறுபடி விரிக்கிறது. சித்திரைத் திருவிழா நேரலையைப் பாருங்கள். அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குகிறார் என்றுதான் ஊரே உற்றுப் பார்க்கும். நிறம் தெரிகிறது. சரிகை வேலைப்பாடு மட்டும் மெழுகிவிட்டாற்போல இருக்கும். இறக்கும்போது போன நுணுக்கம் விரிக்கும்போது திரும்பி வராது.

அதனால் என் பரிந்துரை: புள்ளி நிரவல். பள்ளத்தை நிரவும்போது இருக்கிற மண்ணைத்தான் இழுத்துப் பரப்புகிறோம்; இங்கேயும் நடப்பது அதுதான். ‘இடைச்செருகல்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அது கணக்குப் பாடத்தில், தெரிந்த மதிப்புகளுக்கு இடைப்பட்டதைக் கணிப்பதற்குப் பெயராக ஏற்கெனவே இருக்கிறது. தவிர, பழம்பாடல் பதிப்பித்தவர்கள் காதில் அது வசவு; மூலத்தில் இல்லாததைப் பிறர் நுழைத்ததற்குத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள்.

இதோடு ‘ஸ்ட்ரெச்’ என்பதைக் குழப்ப வேண்டாம். பழைய 4:3 வடிவப் படத்தை 16:9 அகலத் திரைக்கு இழுத்தால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடும். அழகரின் தங்கக் குதிரை கொழுத்துப்போவது இதனால்தான். இருபுறமும் கறுப்புப் பட்டை வந்தால் டி.வி.க்குக் கொடுத்த காசு வீண் என்று நினைக்கிறோம். ரிமோட்டில் ‘ஃபுல்’ போட்டுவிடுகிறோம். அந்த ‘ஸ்ட்ரெச்’சுக்கு ‘அகல இழுப்பு’ என்ற சொல் போதும்.

‘நிரவிய எச்.டி.’, ‘நேர் எச்.டி.’ என்று பிரித்துச் சொல்லவும் வசதியாக இருக்கிறது. ‘டவுன்ஸ்கேலிங்’குக்குப் புள்ளிக் குறைப்பு என்று போட்டுப் பார்த்தேன், கொஞ்சம் தட்டையாகப் படுகிறது. இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.