ஜனவரி 1, வடகடலில் ஒரு முழுக்கு

புத்தாண்டன்று கடலில் இறங்கினேன் என்று சொன்னால் போதும், எல்லோரும் தண்ணீரைப் பற்றியே விசாரிக்கிறார்கள். தண்ணீரில் இருந்த நேரம் ஒரு நிமிடம் தேறினால் அதிகம். அதற்கு முன் மணலில் நிற்பதும், பிறகு துணி மாற்றுவதும்தான் பாடாய்ப் படுத்துகின்றன.

நான் இறங்கியது நெதர்லாந்தில், ஹேக் நகரை ஒட்டிய ஸ்கெவனிங்கன் கடற்கரையில். நண்பகல் 12 மணிக்குச் சுமார் பத்தாயிரம் பேர் ஒன்றாக ஓடிப்போய் வடகடலில் விழுவார்கள். 1960இல் சாண்ட்வோர்ட் என்ற கடற்கரை ஊரில் நீச்சல்காரர்கள் சிலர் தொடங்கிய வழக்கம் இது. ஸ்கெவனிங்கனுக்கு வந்தது 1965இல். பிற்காலத்தில் யூநாக்ஸ் என்ற சூப் பிராண்ட் ஆதரவு தர ஆரம்பித்ததால், இப்போது எல்லோர் தலையிலும் அவர்களுடைய ஆரஞ்சு நிறக் கம்பளித் தொப்பி. முதல் நாள் இரவெல்லாம் வெடி வெடித்து, சர்க்கரை தூவிய ஓலிபோலன் உருண்டைகளை வயிறு முட்டத் தின்றவர்கள்தான் மறுநாள் அங்கே நீச்சலுடையில் நிற்கிறார்கள்.

என்னை அழைத்துப் போனது அலுவலக நண்பரின் அம்மா. அறுபதைத் தாண்டியவர். மார்கழிக் குளியலில் ஊறியவன் நான் என்று அவரிடம் பெருமையடித்திருந்தேன். மார்கழி விடியலில் கிணற்று நீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அந்தப் பழக்கம் ஏழெட்டு டிகிரி கடலில் காசுக்கு உதவாது. அதைவிடக் கொடுமை காற்று. மேடையிலிருந்து யாரோ பாட்டுப் போட்டுக் குதிக்கச் சொல்கிறார்கள், நாமும் குதிக்கிறோம், முதுகில் மட்டும் காற்று அறுத்துக்கொண்டே இருக்கிறது.

"மூச்சை அடக்காதே, வெளியே ஊது. தலையை முக்காதே" என்றார் அம்மா. காரணம் இருக்கிறது. குளிர்நீர் தோலில் பட்டதும் நம்மைக் கேட்காமலே ஒரு பெருமூச்சு உள்ளே இழுக்கும், இதயம் படபடக்கும். அந்த நொடியில் தலை நீருக்குள் இருந்தால் மூச்சோடு தண்ணீரும் உள்ளே போகும். ஓரிரு நிமிடங்களில் அது அடங்கிவிடும். இதயக் கோளாறோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் கரையிலேயே நின்று கைதட்டுவது உத்தமம்.

கரை சரிவு குறைவு. இடுப்பளவு ஆழத்துக்கே வெகுதூரம் ஓட வேண்டும். முதலில் கணுக்கால் எலும்பு வலித்தது. வயிற்றில் அலை அடித்தபோது என் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே புதிது. அம்மா பக்கத்தில் நின்று "ஊது, ஊது" என்று சிரித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும்தான் உண்மையான சோதனை. ரத்தம் கைகால்களை விட்டு உள்ளே ஒதுங்கிவிடுவதால் விரல்கள் சொன்னபடி கேட்காது. பொத்தான், கயிறு எதுவுமில்லாத உடை என்பது அம்மாவின் உத்தரவு. அணியும் வரிசைப்படி அவரே அடுக்கியும் வைத்திருந்தார். எங்கள் அருகில் ஓர் இளைஞன் ஈரக்காலில் இறுக்கமான ஜீன்ஸை ஏற்றப் பார்த்தான். முழங்காலோடு நின்றுவிட்டது. நண்பர்கள் இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்க, அவன் மணலில் உட்கார்ந்தே போய்விட்டான். கரையேறிய பின்னும் உடல்வெப்பம் சற்று நேரம் இறங்கிக்கொண்டே போகும். நடுக்கம் எனக்கு உடை மாற்றி முடித்த பிறகுதான் பிடித்தது. அந்த நேரத்தில் நேரே வெந்நீர்க் குளியலுக்கு ஓடினால் தலைசுற்றி விழ நேரலாம்.

கடைசியில் பட்டாணி சூப் கொடுத்தார்கள். உள்ளே சாசேஜ் துண்டுகள். நான் சைவம். கோப்பையைக் கை சூடேறும்வரை பிடித்திருந்துவிட்டு அந்த ஜீன்ஸ் பையனிடம் நீட்டினேன்.

வான்கூவரில் இருக்கும் என் சித்தி மகன் இதையெல்லாம் ஒப்புக்கொள்ள மாட்டான். அங்கே இங்கிலீஷ் பே கடற்கரையில் பீட்டர் பான்டாஜஸ் என்ற கிரேக்கக் குடியேறி 1920இலேயே இதைத் தொடங்கிவிட்டார்; மிதவை வரை நீந்தும் போட்டியும் உண்டு. "நீங்கள் ஓடிப்போய் நனைந்து வருகிறீர்கள், நாங்கள் நீந்துகிறோம்" என்பது அவன் கட்சி. அவன் நீந்தியதை நான் பார்த்ததில்லை.

2025 புத்தாண்டுக்குப் பலத்த காற்றால் ஸ்கெவனிங்கனில் ரத்து செய்துவிட்டார்கள். வாழ்த்துக்குப் பதிலாக அவனிடமிருந்து வந்த செய்தி: "என்ன அண்ணா, காற்றுக்கே கடையைச் சாத்திவிட்டார்களா?"