டாடா 207: எஃப்சிக்குப் பிறகு இடது ஹெட்லைட் மங்கலாக எரிகிறது

லோடுவண்டி:

அண்ணன்மார்களே, வணக்கம். வண்டி டாடா 207 டிஐ, 2008 மாடல். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போகிற வண்டி. ஓட்டம் முழுக்க ராத்திரியில்தான்.

சமீபத்தில் எஃப்சிக்காக (வண்டியின் தகுதிச் சான்று) முன்பக்கம் டிங்கரிங் பார்த்து பெயிண்ட் அடித்தோம். அதற்குப் பிறகு இடது ஹெட்லைட் சரியில்லை. டிம்மில் போட்டால் ஆரஞ்சு நிறத்தில் சும்மா மினுக்குகிறது. பிரைட்டுக்கு மாற்றினாலும் அதே மினுக்கல்தான். வலது பக்கம் இரண்டிலும் எரிகிறது. இன்னொரு விநோதம், டிம்மில் இருக்கும்போதே மீட்டர் போர்டில் பிரைட்டுக்கான நீல லைட் லேசாக எரிகிறது.

பக்கத்துக் கடையில் பல்ப் மாற்றினார்கள், ஹோல்டர் மாற்றினார்கள், எதுவும் மாறவில்லை. இப்போது மொத்த வயரிங்கையும் மாற்றச் சொல்கிறார்கள். அந்தச் செலவு இப்போது நமக்குத் தாங்காது. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, பேட்டரியும் புதுசு. வேறு எங்கே பார்ப்பது?

மலையாளக்கரை:

பழைய வண்டியில் இதோடு மல்லுக்கட்டாதீர்கள் நண்பா. எல்இடி பல்ப் ஒரு ஜோடி வாங்கி மாட்டுங்கள், இல்லாவிட்டால் 100/90 வாட் (பிரைட்/டிம்) ஹாலஜன். நான் 100/90 தான் போட்டிருக்கிறேன், ரோடு பகல் மாதிரி தெரியும்.

மீட்டர் மாமா:

தம்பி, பல்ப் வாங்க இன்னும் ஒரு பைசா செலவு பண்ண வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. இடது லைட்டுக்கு எர்த், அதாவது கரண்டு பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புகிற வழி, போய்விட்டது.

எப்படி என்று சொல்கிறேன். உங்கள் ஹெட்லைட்டில் இருக்கிற எச்4 பல்பில் மூன்று கால். ஒன்று டிம், ஒன்று பிரைட், மூன்றாவது இரண்டு இழைக்கும் பொது. அந்தப் பொதுக் கால்தான் பாடிக்கு எர்த் ஆகிறது. எர்த் விட்டுப்போனால், டிம் இழை வழியாக வந்த கரண்டுக்கு வெளியே போக வழி இல்லை. மடை அடைபட்ட வாய்க்கால் பக்கத்துத் தோட்டத்துக்குள் புகுவது போல, அது அதே பல்பின் பிரைட் இழைக்குள் திரும்பி ஏறி, பிரைட் வயரைப் பிடித்துக்கொண்டு வலது பல்பின் பிரைட் இழை வழியாக அந்தப் பக்கத்து எர்த்துக்குப் போகிறது. மூன்று இழை வரிசையாகச் சேர்ந்தால் 12 வோல்ட் மூன்றாகப் பங்கு போகும், அதனால்தான் மினுக்கல். போகிற வழியில் பிரைட் வயரில் இருக்கிற நீல லைட்டையும் தொட்டுவிட்டுப் போகிறது. பிரைட்டில் போட்டால் இதே கதை தலைகீழாக நடக்கும். டிம்மில் நீல லைட் எரிகிறது என்று யாராவது சொன்னால் நான் பல்பைக் கழற்றவே மாட்டேன், நேராக எர்த்துக்குத்தான் போவேன்.

எஃப்சி பெயிண்டுக்குப் பிறகுதான் வந்தது என்கிறீர்கள். எர்த் வயரின் லக்கை (நுனியில் இருக்கிற உலோக வளையம்) முன் பேனலில் போல்ட் போட்டு முறுக்கியிருப்பார்கள். அதைக் கழற்றி, பெயிண்ட் அடித்து, பெயிண்ட் மேலேயே திரும்ப முறுக்கியிருப்பார்கள். இது ரொம்பச் சாதாரணமாக நடக்கிற வேலை. பெயிண்ட் வழியாகக் கரண்டு பாயாது.

சந்தேகம் தீர இதைச் செய்யுங்கள். பல்ப் மாட்டியபடியே டிம்மைப் போடுங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனையை ஹோல்டரின் பின்பக்கமாகப் பொதுக் காலில் வையுங்கள். நல்ல எர்த் என்றால் 0.2 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். லைட் எரியும்போதுதான் அளக்க வேண்டும், அணைத்துவிட்டு அளந்தால் மோசமான எர்த்தும் நல்ல பிள்ளை மாதிரி பூஜ்யம் காட்டும். டெஸ்ட் லாம்ப்பை வைத்துக்கொண்டு ‘சப்ளை வருதுங்க’ என்று முடித்துவிடுகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

வயர் நிறத்தை நம்பாதீர்கள். இத்தனை வருடத்தில் எத்தனை கை பட்டிருக்குமோ.

அப்புறம், மலையாளக்கரை அவர்களுக்கு. 60/55 பல்ப் டிம்மில் இரண்டும் சேர்ந்து சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். 100/90 என்றால் 15 ஆம்பியர். பழைய ஒயரும் டிப்பர் சுவிட்சும் (டிம், பிரைட் மாற்றுகிற சுவிட்ச்) அதற்குச் செய்தது இல்லை. உங்கள் ஹோல்டரை ஒரு தடவை கழற்றிப் பாருங்கள், பிளாஸ்டிக் பழுப்பேறி இருந்தால் நேரம் நெருங்கிவிட்டது. எல்இடி சங்கதியும் அப்படித்தான். ஹாலஜனுக்குச் செய்த டூமில் (ஹெட்லைட் கிண்ணத்தில்) அதைப் போட்டால் வெளிச்சம் எதிரே வருகிறவன் கண்ணில்தான் விழும்.

லோடுவண்டி:

மாமா, பொதுக் காலில் 7.6 வோல்ட் காட்டியது! ஒரு வயரை அந்தக் காலிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குப் பிடித்தேன். இடது லைட் பளிச்சென்று எரிந்தது, நீல லைட் அணைந்துவிட்டது.

பேட்டரிக்குப் பக்கத்தில் பேனலில் இருந்த போல்ட்டைக் கழற்றினேன். நீங்கள் சொன்ன மாதிரியே லக்குக்கு அடியில் பெயிண்ட். உப்புத்தாளால் தகரம் தெரியத் தேய்த்து, பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே வாசலின் தடவினேன். இப்போது 0.1 காட்டுகிறது.

ஆனால் இரண்டு லைட்டும் இன்னும் கொஞ்சம் மஞ்சள்தான். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8, டிம் காலில் 10.9.

மீட்டர் மாமா:

அப்படியானால் கிட்டத்தட்ட 3 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. அரை வோல்ட் போனாலே நான் தேட ஆரம்பிப்பேன். ஹாலஜனில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். உங்களுக்குப் பாதி வெளிச்சம்கூட ரோட்டுக்கு வரவில்லை.

பானட்டுக்குள் ஹெட்லைட் ரிலே, அதாவது சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச், இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மொத்தக் கரண்டும் டிப்பர் சுவிட்சுக்குள் போய்த்தான் திரும்பி வருகிறது. அங்கே பாயிண்ட் கருகியிருக்கும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே போடுங்கள். 30ஆம் கால் ஃபியூஸ் வழியாகப் பேட்டரி பாசிட்டிவ், 87 பல்புக்கு, 86 பழைய ஹெட்லைட் வயர், 85 எர்த். பல்புக்குப் போகிற புது வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும். சுவிட்ச் வழியாக இனி ரிலே காயிலுக்கான கரண்டு மட்டும்தான் போகும், அது கால் ஆம்பியர்கூட வராது. மொத்த வயரிங் மாற்றுவதில் ஒரு ஓரம்கூட இதற்குச் செலவாகாது.

தம்மாம் தமிழன்:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். சவுதியில் 90களின் ஹைலக்ஸ் வைத்திருக்கிறவர்கள் இதை அப்படியே செய்ய வேண்டாம். பழைய டொயோட்டா பிக்கப்பில் சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும். பொதுக் காலில் 12 வோல்ட் எப்போதும் நிற்கும், டிப்பர் சுவிட்ச் டிம்மையோ பிரைட்டையோ எர்த் செய்யும். அந்தப் பொதுக் காலைப் பாடிக்குப் பிடித்தால் ஃபியூஸ் போய்விடும்.

மீட்டர் மாமா:

நல்ல நேரத்தில் சொன்னீர்கள். எந்த வகை என்று தெரிய, இரண்டு பக்கப் பல்பையும் கழற்றிவிட்டு டிம்மைப் போட்டு ஹோல்டரின் மூன்று துளையையும் பேட்டரி நெகட்டிவை வைத்து அளங்கள். பிரைட்டுக்கு மாற்றித் திரும்ப அளங்கள். 12 வோல்ட் இடம் மாறினால் டாடா வகை. ஒரு துளையில் இரண்டு தடவையும் 12 வோல்ட் நின்றால் டொயோட்டா வகை.

லோடுவண்டி:

ரிலே வாங்கிவிட்டேன் மாமா. ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், எங்கே போடுவது?

மீட்டர் மாமா:

60/55க்கு 15 ஆம்பியர் போதும். பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும், பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் வயர் உரசினால் ஃபியூஸ் காப்பாற்றாது. இரண்டு ரிலேக்கும் தனித்தனி ஃபியூஸ் போடுங்கள். ஒன்றே போட்டு அது போனால் உடுமலை ரோட்டில் டிம்மும் இருக்காது, பிரைட்டும் இருக்காது.