அச்சு மாத்திரையா, வனைமாத்திரையா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

முப்பரிமாண அச்சுப்பொறியில் செய்யப்படும் மருந்துகளுக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று தொடங்கிய இம்மடல் உரையாடலில் அச்சு மாத்திரை, அடுக்கு மாத்திரை, பொருள்சேர் மருந்து, தன்னளவு மாத்திரை என நான்கு முன்மொழிவுகள் வந்திருக்கின்றன. நான்கிலும் எனக்குத் தயக்கம் உண்டு. முதலாவதில் அது மிகுதி.

மாத்திரை செய்யும் தொழிற்கூடம் ஒன்றில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். அங்கே வட்டமான கனத்த இரும்புத் தட்டு ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். அதன் விளிம்பில் வரிசையாக இருக்கும் குழிகளுக்குள் மேலிருந்து குறுணை விழும். கீழிருந்து ஒரு கம்பியும் மேலிருந்து ஒரு கம்பியும் அதை நெருக்கிப் பிடித்து இறுக்கும். அடுத்த கணம் கீழ்க்கம்பி மாத்திரையை மேலே தள்ளிவிடும். அந்தக் குழியை நாங்கள் 'டை' என்போம், கம்பியைப் 'பஞ்ச்' என்போம். டை என்பதற்குத் தமிழில் நேரான சொல் அச்சு. அச்சு வெல்லத்திலும் அச்சு முறுக்கிலும் இருப்பது இந்த அச்சுதான். புத்தகம் அச்சிடுவது இச்சொல்லுக்குப் பின்னால் வந்து சேர்ந்த பொருள். ஆகவே நாம் தினமும் விழுங்குகிற சாதாரண மாத்திரையே உண்மையான அச்சு மாத்திரை. அச்சே இல்லாமல் செய்யப்படும் ஒன்றுக்கு அப்பெயரைக் கொடுத்தால், மருந்தாக்கம் படிக்கும் மாணவர் முதல் நாளே குழம்புவார்.

'ஆங்கிலத்தில் பிரிண்டிங் என்றுதானே சொல்கிறார்கள்' என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். அப்பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. 1980களின் இறுதியில் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான முறையில், மெல்லிய துகள் படலத்தைப் பரப்பி, மைத்தெளிப்பு அச்சுப்பொறியின் தலை போன்ற ஒன்றால் வேண்டிய இடத்தில் மட்டும் பசைநீரைத் தெளித்து, அதன்மேல் அடுத்த படலத்தைப் பரப்பினார்கள். மைக்குப் பதில் பசை என்பதால் அதை அச்சிடல் என்றது பொருத்தமே. ஆனால் மருந்துகலந்த பிளாஸ்டிக் இழையை உருக்கிக் கோடுகோடாகப் படியவைப்பதும், களிம்பு போன்ற கலவையை ஊசிக்குழலிலிருந்து பிழிவதும், லேசரால் துகளை ஒட்டவைப்பதும், ஒளிபட்டால் இறுகும் நீர்மத்தைக் கெட்டியாக்குவதும் இன்று அதே பெயருக்குள் அடங்கிவிட்டன. ஒரு முறைக்கு மட்டும் பொருந்திய உவமையை ஐந்துக்கும் நாம் ஏன் சுமக்க வேண்டும்?

அடுக்கு மாத்திரை என்பதில் உள்ள சிக்கல் எளிது. உடனே கரையும் பகுதியையும் மெல்லக் கரையும் பகுதியையும் ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கிய ஈரடுக்கு மாத்திரைகள் நெடுநாளாகவே விற்பனையில் உள்ளன. அப்பெயர் அவற்றுக்குப் போய்விட்டது. அடுக்கு வேண்டாம் என்றால் படை எனலாமே, ஈழத்துப் பாடநூல்களில் ஓசோன் படை என்றுதானே உள்ளது என்ற யோசனையும் வந்தது. ஆனால் தமிழ்நாட்டு மருந்துக்கடையில் 'படை மாத்திரை' கேட்டால் தோலில் அரிப்பு எங்கே என்றுதான் கேட்பார்கள்.

பொருள்சேர் உற்பத்தி என்பது பொறியியல் எழுத்தில் ஏற்கெனவே வழங்குகிறது. கடைந்தோ செதுக்கியோ பொருளை நீக்கி உருவாக்குவதற்கு எதிராக, பொருளைச் சேர்த்துச் சேர்த்து உருவாக்குவது என்ற வேறுபாட்டை அது தெளிவாகக் காட்டுகிறது. எந்திர உறுப்புகளுக்கு அது இருக்கட்டும். மருந்தின் முன்னால் வந்ததும் அதன் தொனி மாறிவிடுகிறது. 'பொருள் சேர்த்த மருந்து' என்று கேட்கும் தமிழர் முதலில் நினைப்பது கலப்படத்தை. உற்பத்தி என்பதும் தொழிற்சாலையை நினைவூட்டும். இந்தத் துறையோ மருத்துவமனைக்குள்ளேயே மருந்து செய்வதை நோக்கி நகர்கிறது. நோயாளி இருக்கும் இடத்திலேயே மருந்து செய்வதற்கான தனி விதிகள் பிரிட்டனில் 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்துள்ளன. அங்கே பொறியை இயக்குபவர் ஆலைத் தொழிலாளியும் அல்லர், மிக்சர் கலந்து கொடுத்த பழைய கம்பவுண்டரும் அல்லர்.

தன்னளவு மாத்திரை என்ற முன்மொழிவின் பின்னாலுள்ள எண்ணத்தை நான் மதிக்கிறேன். குழந்தைக்குக் கால் மாத்திரை என்று மருத்துவர் எழுதிக் கொடுக்க, தாய் பிளேடால் மாத்திரையை நறுக்கும்போது ஒரு துண்டு பெரிதாகவும் ஒரு துண்டு பொடியாகவும் போவதைப் பார்த்தவர்களுக்கு, அவரவர் அளவுக்கு மருந்து செய்ய முடிவது எவ்வளவு பெரிய செய்தி என்று விளக்க வேண்டியதில்லை. ஸ்பெயினின் சாந்தியாகோ தே கொம்போஸ்தேலா நகர மருத்துவமனையில், சில அமினோ அமிலங்களைச் சிதைக்க இயலாத பிறவிக்குறை கொண்ட குழந்தைகளுக்கு ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்தை அவரவர் இரத்தத்தில் உள்ள அதன் அளவுக்கேற்ப, வெவ்வேறு சுவையிலும் நிறத்திலும் மென்று தின்னும் வடிவில் செய்து கொடுத்த ஆய்வு 2019இல் வெளியானது. ஆயினும் இவ்வகையில் முதன்முதலாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015இல் ஒப்புதல் அளித்த ஸ்பிரிடாம் என்ற வலிப்பு மருந்து, ஆளுக்கேற்ற அளவில் செய்யப்படுவது அன்று; குறித்த சில அளவுகளில் தொழிற்சாலையில் செய்யப்படுவது. அதன் சிறப்பு வேறு. 1,000 மில்லிகிராம் வரை மருந்து கொண்ட அந்த மாத்திரையை யாரும் இறுக்குவதில்லை. பசைநீரால் மட்டுமே துகள்கள் ஒட்டியிருப்பதால் உள்ளே நுண்துளைகள் நிறைந்திருக்கின்றன. ஒரு மடக்குத் தண்ணீர் பட்டதும் சில நொடிகளில் வாயிலேயே உதிர்ந்துவிடுகிறது. அதே அளவு மருந்தை எங்கள் பொறியில் இறுக்கினால் விழுங்கச் சிரமமான பெரிய கட்டிதான் கிடைக்கும். பயனை வைத்துப் பெயரிட்டால் முதல் மாத்திரையே பெயருக்கு வெளியே நின்றுவிடும். ஆகவே செய்முறையை வைத்தே பெயரிட வேண்டும். மேலும், மாத்திரை என்ற சொல்லுக்கே அளவு என்றுதான் பொருள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று எண்ணிப் பழகிய நமக்குத் 'தன்னளவு மாத்திரை' கூறியது கூறலாகப் படுகிறது.

என் பரிந்துரை வனைதல். மருந்து வனைதல் என்பது செயல்; வனைமருந்து பொதுப்பெயர்; பிரிண்ட், டேப்லெட் என்ற இரு சொற்களை ஒட்டி லண்டன் ஆய்வாளர்கள் 'பிரிண்ட்லெட்' என்று வழங்குவதற்கு வனைமாத்திரை; கருவிக்கு மருந்து வனைபொறி. வனைதல் தொழிற்பெயராக இருப்பதால் முறைகளைப் பிரித்துச் சொல்வதும் எளிது: பசைத்தெளிப்பு வனைதல், இழையுருக்கு வனைதல், பிழிந்து வனைதல். மூன்றாவதற்கு 'வெளித்தள்ளல்' என்று அகராதியைத் தேடிப் போக வேண்டாம். முறுக்கும் இடியாப்பமும் பிழிகிற வீட்டில் அதற்குச் சொல் இருக்கிறது.

இதற்கு வரக்கூடிய மறுப்பையும் நானே சொல்லிவிடுகிறேன். குயவர் சக்கரத்தில் வனையும்போது ஒரே மண்ணுருண்டையை விரலால் உருமாற்றுகிறார். படலம் படலமாகச் சேர்ப்பதில்லை. கறாராகப் பார்த்தால் இது வடிவமாற்று முறையே தவிர, சேர்ப்பு முறை அன்று. மறுப்பு நியாயமானது. ஆனால் தென்மாவட்டங்களில் தானியம் கொட்டிவைக்கும் குலுக்கையைச் சக்கரத்தில் வைக்க முடியாது; சாண் உயரம் மண் வைத்து, அது சற்றுக் காய்ந்தபின் அதன்மேல் அடுத்த சாணை வைத்துத்தான் எழுப்புவார்கள். வனைதலை அந்த வேலைக்கும் நீட்டிக்கொள்ளலாம் என்பதே என் வாதம். உருவமைத்தலோடு ஓவியம் எழுதுதல் என்ற பொருளும் அச்சொல்லுக்கு அகராதியில் உண்டு. கணினியில் வரைந்த உருவைப் பொறி பொருளாக்கித் தரும் இச்செயலில் அவ்விரண்டும் சேர்ந்தே நிகழ்கின்றன.

இரண்டு இடங்களில் எனக்கு இன்னும் தெளிவில்லை. இழையுருக்கு முறையில் பொறிக்கு ஊட்டப்படும் மருந்துகலந்த இழையை 'மருந்திழை' என்றால், அறுவை மருத்துவத்தில் தையலுக்குப் பயன்படும் இழையோடு மயங்குமோ என்று ஐயமாக உள்ளது; மருத்துவ நண்பர்கள் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் மாத்திரையைக் குளிசை என்பதே வழக்கு. கையால் உருட்டிய குளிகையிலிருந்து வந்த சொல் அது என்பதால் 'வனைகுளிசை' என்பது அங்குள்ளோர் காதுக்கு உறுத்துமா, இயல்பாக இருக்குமா என்பதையும் ஈழத்து நண்பர்கள் தெரிவித்தால், அடுத்த மடலில் பட்டியலைத் திருத்தி அனுப்புகிறேன்.