குடைமிளகாயில் அசுவினி: கிரைசோபெர்லா முட்டை அட்டையை இப்போது கட்டலாமா?

கேள்வி (ஏற்காடு, நாகலூர்):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் பசுமைக்குடிலில் குடைமிளகாய் நட்டு 50 நாள் ஆகிறது. கொழுந்தின் அடிப்புறத்தில், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பியிருக்கிறது. அதன் கழிவு கீழிலைகளில் தேன்போல் வழிந்து பிசுபிசுக்க, எறும்புகள் சாரைசாரையாக ஏறுகின்றன. 8 நாளுக்கு முன் டைமெத்தோயேட் தெளித்தும் அடங்கவில்லை. பிள்ளைகள் செடியிலேயே காயைப் பறித்துத் தின்பவர்கள் என்பதால், இனி மருந்தடிக்க மனம் ஒப்பவில்லை. அசுவினியைத் தின்னும் கிரைசோபெர்லா பூச்சியின் முட்டைகள் ஒட்டிய அட்டையை உடனே கட்டலாமா?

பதில் 1 (ஓமலூர்):
சற்றுப் பொறுங்கள், ஐயா. டைமெத்தோயேட் செடியின் சாற்றிலேயே ஊடுருவும் மருந்து. இலையில் மட்டுமன்றி, அந்தச் சாற்றைக் குடித்தும் சாகாத அசுவினியின் உடலிலும் அது இருக்கும் என்பதால், அதைத் தின்னும் கிரைசோபெர்லா புழுவுக்கும் ஆபத்துதான். சென்ற ஆண்டு நானும் இப்படி அவசரப்பட்டு அட்டை கட்டினேன். மூன்றாம் நாள் உருப்பெருக்கியோடு தேடியும் ஒரு புழுகூடக் கண்ணில் படவில்லை. மருந்தின் வீரியம் போகும்வரை மிக மோசமான கொழுந்துகளைக் கிள்ளி அகற்றி, காதி சோப்புக் கரைசலை இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். காய்ந்தபின் அதனால், கிரைசோபெர்லா போல் பிற பூச்சிகளைத் தின்னும் இரைவிழுங்கிகளுக்குத் தீங்கில்லை.

கட்டும்போது அட்டையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மாலை வேளையில், செடிகளில் பரவலாக வையுங்கள். இப்புழுக்கள் ஒன்றையொன்று தின்னும் குணமுடையவை. ஒரே இடத்தில் பொரித்தால் அசுவினியைத் தேடிப் போகுமுன் எண்ணிக்கை குறைந்துவிடும். பிழைத்த புழு, அரிவாள்போல் வளைந்த தாடையால் அசுவினியைக் கவ்வி, சாற்றை உறிஞ்சிவிட்டு வெறுந்தோலைப் போட்டுவிடும்.

பதில் 2 (ஏற்காடு, காப்பித் தோட்டம்):
எறும்பை நிறுத்தாமல் எதை விட்டாலும் வீண், ஏனெனில் அந்தத் தேன்கழிவுக்காகவே எறும்புகள் அசுவினிக்குக் காவல் நின்று இரைவிழுங்கிகளை விரட்டும். செடியைத் தூக்கிக் கட்டிய நூலும் கம்பியும் அவற்றின் பாதை. கம்பியின் இரு முனையிலும் கிரீஸ் தடவுங்கள். எங்கள் தோட்டத்து மாவுப்பூச்சியைத் தின்னக் கிரிப்டோலேமஸ் பொறிவண்டை விடும்போதும் முதல் வேலை இதுதான். 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்டு அது. அதன் புழு வெண்மெழுகு போர்த்தி மாவுப்பூச்சி போலவே தோன்றுவதால், வேலையாட்கள் நசுக்கிவிடாதபடி முன்பே காட்டி வைப்போம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மருந்தின் வீரியம் போய்விட்டதை எப்படி அறிவது?

பதில் 1 (ஓமலூர்):
அசுவினியோடு நான்கைந்து இலைகளைப் பறித்து, இலைக்கொரு கண்ணாடிப் புட்டியில் தனித்தனியாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கிரைசோபெர்லா புழுவை விட்டு, வாயைத் துணியால் கட்டுங்கள். இரண்டு நாளுக்குப் பிறகும் அந்தப் புழுக்கள் உயிரோடு தின்றுகொண்டிருந்தால் குடிலில் அட்டையைக் கட்டலாம். செத்திருந்தால் ஒரு வாரம் விட்டு மீண்டும் சோதியுங்கள்.