கையளவு ஜேசிபிக்கு மோட்டார் வேண்டுமா?

திப்பசந்திரா_திருகு:
மகளுக்காக லெகோ டெக்னிக் துண்டுகளில் ஒரு குட்டி ஜேசிபி கட்டியிருக்கிறேன். செட் வாங்கவில்லை, பழைய பெட்டிகளில் மிஞ்சியதை வைத்து நானே போட்டது. அகலம் 8 ஸ்டட் (ஸ்டட் என்பது லெகோ துண்டின் மேலுள்ள ஒரு குமிழின் இடம்), அதாவது 64 மில்லிமீட்டர். முன்னால் லோடர், பின்னால் தோண்டும் கை. கூரை மேல் இருக்கும் திருகைச் சுற்றினால் முன் கை ஏறி இறங்கும். உள்ளே வார்ம் கியரும் (திருகாணி மாதிரி மரை உள்ள கியர்) அது சுற்றும் 24 பல் சக்கரமும் இருக்கின்றன. பின் கையை விரலால்தான் நகர்த்த வேண்டும். பார்க்கிறவர்கள் எல்லோரும் "மோட்டார் போடுங்க, சூப்பரா இருக்கும்" என்கிறார்கள். போடலாமா? போட்டால் எங்கே வைப்பது? என்ஜின் மூடிக்குக் கீழே இரண்டு ஸ்டட் அகலம்தான் காலியாக இருக்கிறது.

கியர்பெட்டி:
வேண்டாம் சார். இரண்டு ஸ்டட் இடத்தில் மோட்டாரையே திணித்தாலும் பேட்டரி எங்கே போகும்? லெகோ மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான பவர்டு அப் ஹப்புக்கு ஆறு ஏஏஏ பேட்டரி. அந்த ஆறுமே ஏறக்குறைய 70 கிராம். உங்கள் வண்டி மண் அள்ளாது, பேட்டரி சுமக்கும். 2019-ல் வந்த லெகோவின் லீபெர் எக்ஸ்கவேட்டர் செட்டில் ஏழு மோட்டார்கள் இருக்கின்றன என்றால், அதில் 4108 துண்டுகளும் இருக்கின்றன. அந்த உடம்பு தாங்கும், இது தாங்காது.

இன்னொன்று. பக்கெட் மண்ணில் சிக்கினால் திருகு விரலில் இறுகும். எவ்வளவு சுமை, எங்கே மாட்டுகிறது என்பதைக் குழந்தை கையிலேயே தெரிந்துகொள்வாள். மோட்டார் போட்டால் அவளுக்கு மிஞ்சுவது ஒரு பட்டன்.

ஒயிட்ஃபீல்டு_வயர்:
கியர்பெட்டி அண்ணா லெகோ மோட்டாரை மட்டும் மனதில் வைத்துப் பேசுகிறார். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் என்20 என்ற குட்டி கியர் மோட்டார் கிடைக்கும். குறுக்களவு 10-க்கு 12 மில்லிமீட்டர். இரண்டு ஸ்டட் என்றால் 16 மில்லிமீட்டர், தாராளமாக உட்காரும். பேட்டரி ஒற்றை லித்தியம் செல், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும்.

கணக்கு சொல்கிறேன். 6 வோல்ட்டில் நிமிடத்துக்கு 100 சுற்று ஓடும் என்20-ஐ 3.7 வோல்ட்டில் ஓட்டினால் 60 சுற்று போல வரும். வார்மும் 24 பல்லும் அதை நிமிடத்துக்கு இரண்டரைச் சுற்றாக்கும். கை 60 டிகிரி உயர 4 விநாடி. நிஜ லோடர் ஏறும் வேகம் கிட்டத்தட்ட அதேதான், பார்க்க அழகாக இருக்கும். பொம்மைகளுக்கு இறக்குமதி வரி 2023 பட்ஜெட்டில் 70 சதவீதமான பிறகு இங்கே யார் அசல் மோட்டார் வாங்குவது?

கியர்பெட்டி:
தம்பி, என்20-இன் தண்டு 3 மில்லிமீட்டர், ஒரு பக்கம் சீவிய வட்டம். டெக்னிக் ஆக்ஸில் பிளஸ் வடிவம். இரண்டையும் எப்படிச் சேர்ப்பீர்கள்? பசையா? பசை தொட்ட துண்டு அடுத்த வண்டிக்கு உதவாது. பிரித்துப் போட்டு வேறொன்று கட்டுவதற்குத்தானே இந்தச் சாமானே?

அப்புறம், கை மேலே போய் முட்டியதும் நிற்க வேண்டும் என்று மோட்டாருக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியும். வார்ம் கியர் பின்னால் சுழன்றும் கொடுக்காது. ஆக்ஸில் ஜிலேபி மாதிரி முறுக்கிக்கொள்ளும்.

ஒயிட்ஃபீல்டு_வயர்:
பசை எதற்கு? 3டி பிரிண்டில் ஒரு இணைப்பி போதும். ஒரு வாயில் மோட்டார் தண்டு, மறுவாயில் ஆக்ஸில். லெகோ துண்டு எதையும் வெட்ட வேண்டாம்.

முட்டுவதற்கு மருந்து லெகோவிலேயே இருக்கிறது. வெள்ளை நிற 24 பல் கிளட்ச் கியர், முகத்திலேயே 2.5·5.0 என்று அச்சிட்டிருக்கும். முறுக்கு விசை அந்த நியூட்டன் சென்டிமீட்டர் அளவைத் தாண்டினால் டக் டக் என்று வழுக்கிவிடும். ஆனால் போடும் இடம் முக்கியம். 12 ஸ்டட் நீளக் கையின் நுனியில் 100 கிராம் தொங்கினால், கையின் அச்சில் விழுவது 9.4 நியூட்டன் சென்டிமீட்டர். கிளட்சை அங்கே போட்டால் சுமையே தூக்காது. வார்முக்கு முன்னால், மோட்டார் பக்கம் போட வேண்டும். அங்கே வரும் பாரம் மிகக் குறைவு, வேலை நேரத்தில் வழுக்காது, கை முட்டினால் மட்டும் வழுக்கும்.

ஹெப்பால்_ஹேமா:
இரண்டு பேரும் மோட்டாரைச் சுற்றியே நிற்கிறீர்கள். திருகு எத்தனை சுற்று என்று யாரும் கேட்கவில்லையே? 24 பல்லில் 60 டிகிரிக்கு நாலு சுற்று. ஐந்து வயதுக் குழந்தை இரண்டாவது சுற்றிலேயே பக்கெட்டைப் பிடித்து இழுக்கும், வார்ம் விடாது, துண்டுகளை இணைக்கும் ஏதோ ஒரு பின் (pin) பிடுங்கிக்கொண்டு வரும். மோட்டார் ஆசை பாதி இந்தச் சலிப்பில்தான் பிறக்கிறது.

சரி, 8 பல் போட்டால்? ஒன்றேகால் சுற்றுக்குக் கொஞ்சம் கூட. வேகம் வந்துவிடும், ஆனால் லூஸும் கூடவே வரும். 8 பல்லின் ஆரம் 4 மில்லிமீட்டர், 24 பல்லின் ஆரம் 12. பல்லுக்கும் வார்முக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே, 96 மில்லிமீட்டர் கையின் நுனியில் 8 பல்லுக்கு 12 மில்லிமீட்டர் ஆட்டம். 24 பல்லுக்கு 4. பக்கெட் தொங்கித் தொங்கி விழும். அதனால் 16 பல். திருகுக்கும் ஒரு நீளமான கைப்பிடி வையுங்கள், உச்சியில் பிடித்துத் திருகுவதைவிடச் சுற்றுவது சுலபம்.

திப்பசந்திரா_திருகு:
மேடம், 16 போட ஆக்ஸில் இடைவெளி மாறுமே. வார்மும் 24 பல்லும் இரண்டு ஸ்டட் தூரத்தில் இருக்கின்றன.

ஹெப்பால்_ஹேமா:
ஒன்றரை ஸ்டட் வரும். அரை ஸ்டட் தள்ளி ஓட்டை இருக்கும் துண்டு உங்கள் பெட்டியில் இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால் வார்மைத் தாங்கும் சட்டத்தைத் திருப்பிப் போட வேண்டியிருக்கும். ஒரு மாலை நேர வேலை.

தங்கவயல்_டோசர்:
சொந்த ஊர் கோலார் தங்கவயல், இப்போது இருப்பது பெங்களூரு கே.ஆர்.புரத்தில். அப்பா அங்கே மண் வாரும் இயந்திரங்கள் செய்யும் பெமல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நிஜ புல்டோசர், எக்ஸ்கவேட்டர் பார்த்து வளர்ந்த எனக்கு இந்தச் சண்டை வேடிக்கையாக இருக்கிறது. மோட்டார் இருக்கட்டும், பேக்ஹோவுக்கு, அதாவது பின்னால் தோண்டும் கைக்கு, ஊன்றும் கால் எங்கே?

டிரைவர் தோண்டும் முன் என்ன செய்கிறார் என்று ரோட்டில் நின்று பாருங்கள். சீட்டைப் பின்பக்கம் திருப்புவார். இரண்டு பக்கமும் காலை இறக்குவார். பின் சக்கரங்கள் லேசாகத் தூக்கிக்கொள்ளும். அதன் பிறகுதான் பக்கெட் மண்ணைத் தொடும். கால் இறக்காமல் தோண்டினால் வண்டி டயர் மேல் ஊஞ்சலாடும். திருகு அண்ணனின் வண்டியில் பின் கை விரலால் நகர்வது குறையே இல்லை. சீட் திரும்பாததும் கால் இல்லாததும்தான் குறை.

கால் செய்ய கியரே வேண்டாம். இரண்டு சின்னக் கம்பிகளை முழங்கால் போல இணையுங்கள். நேர்கோட்டை ஒரு நூல் தாண்டியதும் ஒரு தடுப்பில் முட்டி நின்றால், வண்டியின் எடையே அதை மேலும் இறுக்கும், தானாக மடங்காது. கருப்பு பின் போடுங்கள், அது உராய்ந்து பிடிக்கும். வெளிர் சாம்பல் பின் வழுவழுவென்று சுழலும், காலுக்கு ஆகாது.

ஒயிட்ஃபீல்டு_வயர்:
டோசர் அண்ணா, கால் நல்ல யோசனை. ஆனால் குழந்தைக்கு வண்டி தானாக அசைய வேண்டும். அவுட்டர் ரிங் ரோட்டில் மெட்ரோ வேலை நடக்கும் இடத்தில் என் மகன் கார் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்ப்பது கை ஏறி இறங்குவதை. காலை யார் பார்க்கிறார்கள்?

தங்கவயல்_டோசர்:
கூட்டிப்போய்க் காட்டினால் பார்ப்பான் தம்பி.

கியர்பெட்டி:
இதைத்தான் நானும் சொல்கிறேன். சீட் திரும்ப வேண்டும், கால் இறங்க வேண்டும், கை ஏற வேண்டும் என்றால் மூன்று வேலை. மூன்றுக்கும் மோட்டார் என்றால் மூன்று மோட்டார், மூன்று வயர், ஒரு ரிசீவர். ஒன்றுக்கு மட்டும் மோட்டார் வைத்தால் வண்டி பாதி ரிமோட், பாதி விரல். கட்டியவருக்கே எது எப்படி என்று குழம்பும். கையால் என்றால் எல்லாமே கையால்.

திப்பசந்திரா_திருகு:
எல்லாவற்றையும் படித்தேன். 16 பல் மாற்றிவிட்டேன், நன்றி ஹேமா மேடம். சுற்றுவதற்கு லகுவாக இருக்கிறது, பக்கெட் கொஞ்சம் ஆடுகிறது, பரவாயில்லை. கால் பாதி வந்திருக்கிறது. இடது பக்கம் நிற்கிறது, வலது பக்கம் எடை வந்ததும் வழுக்குகிறது.

மோட்டார் விஷயத்தில் வேறு ஒன்று தோன்றியது. என்20-உம் செல்லும் வண்டிக்குள் இல்லாமல், பேனா அளவு ஒரு கைப்பிடிக்குள் இருக்கட்டும். நுனியில் ஆக்ஸில் ஓட்டை. வேண்டுமானால் திருகைக் கழற்றிவிட்டு அதைச் செருகிச் சுற்றலாம். வேண்டாமென்றால் திருகு.

ஒயிட்ஃபீல்டு_வயர்:
அருமை. கிளட்ச் கியரைக் கைப்பிடிக்குள்ளேயே வைத்துவிடுங்கள், வண்டியில் இடம் மிச்சம். செல் மட்டும் பாதுகாப்பு சர்க்யூட் உள்ளதாக வாங்குங்கள், குழந்தை கையில் இருக்கப் போகிறது.

கியர்பெட்டி:
அதற்குப் பெயர் ஸ்க்ரூ டிரைவர் சார். நாலு நாளில் அவள் வண்டியை விட்டுவிட்டு அதை வைத்து வீட்டிலுள்ள எல்லா ஓட்டையிலும் செருகப் போகிறாள். என் ஓட்டு இன்னும் விரலுக்குத்தான்.

தங்கவயல்_டோசர்:
வலது காலில் எந்த நிறப் பின் போட்டிருக்கிறீர்கள்? கீழிருந்து ஒரு போட்டோ போடுங்கள், சக்கரமும் தெரிகிற மாதிரி.