4க்கு 5 ஸ்லாபுக்கு 10 மி.மீ. கம்பியா? ஸ்டாட் காட்டும் மொமெண்டை நம்பலாமா?

காவேரிப்பட்டணம் சைட்
வீடு, மாடி ஒன்று. ஹால் 4 மீட்டருக்கு 5 மீட்டர், நாலு பக்கமும் அடுத்த அறை ஸ்லாப் தொடர்கிறது, கனம் 125 மி.மீ. ஸ்டாட் சாப்ட்வேரில் ஸ்லாபைப் பிளேட்டாகப் போட்டு அரை மீட்டர் கட்டங்களாகப் பிரித்து மெஷ் அடித்தேன். நடுவில் மொமெண்ட் (ஸ்லாபை வளைக்கும் திருப்புத்திறன்) 5 மீட்டர் திசையில் மீட்டருக்கு 14 கிலோநியூட்டன் மீட்டர், 4 மீட்டர் திசையில் 9. கணக்குப்படி 10 மி.மீ. கம்பி 200 இடைவெளியில் வேண்டும். மேஸ்திரியோ இந்த அளவு ஹாலுக்கு எப்போதும் 8 மி.மீ. ஆறு அங்குலம்தான் கட்டியிருக்கிறேன் என்கிறார். வியாழன் கான்கிரீட். என்ன செய்ய?

பர்கூர் டிசைன்
சாப்ட்வேர் கேட்டால் போட்டுவிடுங்கள் தம்பி. ஒரு ஹாலுக்குக் கூடுதல் கம்பி எவ்வளவு ஆகிவிடும்? கம்பி கூடினதால் எந்த வீடும் விழுந்ததில்லை.

கைக்கணக்கு
இதை ஒப்புக்கொள்ளவே முடியாது சார். பளு எல்லாம் சேர்த்து சதுர மீட்டருக்கு 6.125 கிலோநியூட்டன், ஒன்றரை மடங்கு போட்டால் 9.19. கான்கிரீட் டிசைனுக்கான இந்தியத் தரநெறி ஐ.எஸ். 456 அட்டவணை 26ல், நாலு பக்கமும் தொடரும் உள்பேனலுக்கு நடு மொமெண்ட் 4 மீட்டர் திசையில் 5தான் வருகிறது, பீம் மேல் 6.6. அதைவிட முக்கியம், நாலு பக்கமும் பீமில் உட்கார்ந்த ஸ்லாப் குறுகிய திசையில்தான் அதிகம் தாங்கும், தம்பிக்கு நீண்ட திசையில் அதிகம் வருகிறது. அப்படி வந்தால் ஸ்லாப் பீமில் உட்காரவில்லை, நாலு தூண் முனையில் தொங்குகிறது என்று அர்த்தம். சாப்ட்வேரில் பிளேட்டும் பீமும் நோடில், அதாவது மெஷ் கட்டங்களின் முனைப் புள்ளியில்தான் சேரும். மெஷ் அடித்துவிட்டு பீமை அந்த நோடுகளில் துண்டுகளாக உடைக்காமல் விட்டிருப்பீர்கள்.

கம்பி கூடினால் பாதுகாப்பு என்பதும் இங்கே தப்பு. 5 மீட்டர் பீமுக்கு இந்த ஹாலிலிருந்து மட்டும் 55 கிலோநியூட்டன் வரணும். உங்கள் மாடலில் அந்தப் பீமுக்குச் சுவரும் சொந்த எடையும் மட்டும்தான் போயிருக்கும். ஸ்லாப் கொழுத்து பீம் இளைத்துப் போகும்.

காவேரிப்பட்டணம் சைட்
அண்ணா, டிப்ளெக்ஷன் (தொய்வு) படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்லாப் கீழே வளைந்திருக்கிறது, பீம் தனியாக அதற்கு மேலே நிற்கிறது. நீங்கள் சொன்னதேதான்.

பர்கூர் டிசைன்
சரி, பீம் விஷயத்தில் நான் சொன்னது தவறு. ஆனால் அட்டவணை 26ஐ அப்படியே பிடித்துக்கொள்வதும் சரியில்லை. பீம் அசையாது என்று வைத்துத்தான் அந்த எண்கள். இப்போது வீட்டுக்கு வீடு கன்சீல்டு பீம் கேட்கிறார்கள், 125 கனத்துக்குள் புதைந்த பீம் ஸ்லாபோடு சேர்ந்தே தொங்கும். தம்பி, உங்கள் பிளானில் அப்படி ஏதாவது உண்டா?

காவேரிப்பட்டணம் சைட்
உண்டு சார். ஹாலுக்கும் டைனிங்குக்கும் நடுவே 5 மீட்டர் பீம், கீழே தெரியக்கூடாது என்று வீட்டுக்காரர் சொன்னார். மாடலில் எல்லாப் பீமையும் நோடுகளில் உடைத்து மறுபடி ஓட்டினேன். ஹால் நடுவில் 4 மீட்டர் திசை 5.8க்கு இறங்கிவிட்டது. ஆனால் அந்தப் பீம் ஓரத்தில் மட்டும் நீண்ட திசையில் 9 இன்னும் நிற்கிறது.

கைக்கணக்கு
அந்த 9 நிஜம். பர்கூர் சார் கேட்டது நல்லதாயிற்று, நான் பிளானைக் கேட்காமலே எண் சொல்லிவிட்டேன். அந்த ஓரத்துக்குக் கூடுதல் கம்பி, இல்லாவிட்டால் பீமைக் கீழே இறக்குங்கள். நான் இறக்கத்தான் சொல்வேன், நாளாக ஆகக் கான்கிரீட் தளர்ந்து அந்த ஓரம் இன்னும் தொங்கும், டைனிங் சுவர் விரிசல் விடும்.

காவேரிப்பட்டணம் சைட்
வீட்டுக்காரரைக் கூட்டிவந்து திரையிலேயே காட்டினேன். இறக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். செண்டரிங்கில் அந்த ஒரு இடத்தைப் பிரிக்கணும், அதனால் கான்கிரீட் சனிக்கிழமை. ஸ்லாபுக்கு மேஸ்திரி சொன்ன 8 மி.மீ. ஆறு அங்குலமே போதும், பீம்களை மட்டும் இன்று இரவு புதிதாகப் போடுகிறேன்.