தமிழில் நாடாளுமன்ற முறை விவாதம்: நடுவர் அனுபவம் உள்ளோர் உதவ வேண்டுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மதுரையில் இளங்கலை இரண்டாம் ஆண்டு பயிலும் நான், பிரிட்டிஷ் நாடாளுமன்ற முறை விவாதத்தில் மிகுந்த ஈடுபாடு கொண்டவள். இருவர் கொண்ட நான்கு அணிகள் மோதும் இம்முறையில் எந்தத் தரப்பில் பேசுவது என்பது நம் விருப்பத்தில் இல்லை. தலைப்பு அறிவிக்கப்பட்ட 15 நிமிடங்களுக்குள் வாதத்தை அமைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் 7 நிமிடம் பேச வேண்டும். மதுவிலக்கை மனதார ஆதரிக்கும் நான் அதை எதிர்த்துப் பேச நேர்ந்தபோதுதான், அதன் வருவாய், கள்ளச்சாராயம் ஆகிய பக்கங்களை முதன்முறையாகப் பொறுமையுடன் படித்தேன். பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்கும் துணுக்குகள் இங்கே அவ்வளவாக எடுபடுவதில்லை (அதில் எனக்குச் சற்று வருத்தமே).

இம்முறையை எங்கள் கல்லூரியில் தமிழிலேயே தொடங்க விரும்புகிறோம். சிக்கல் மதிப்பீட்டில்தான் இருக்கிறது. பேச்சுப் போட்டி நடுவர்கள் குரல்வளத்துக்கும் மேற்கோளுக்கும் மதிப்பெண் இட்டுப் பழகியவர்கள். நான்கு அணிகளையும் வரிசைப்படுத்தி 3, 2, 1, 0 எனப் புள்ளி வழங்கி, அதற்கான காரணத்தை மாணவர்களிடம் நேரில் விளக்குவது அவர்களுக்குப் புதிது. முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் நீங்கலாக, பேச்சின் இடையே எதிரணியினர் எழுப்பும் குறுக்குக் கேள்விகளை எவ்வாறு மதிப்பிடுவது என்பதிலும் குழப்பம் உள்ளது.

ஆகவே, தமிழ் விவாதங்களுக்கு நடுவராக இருந்தவர்கள், குறிப்பாக இலங்கை, சிங்கப்பூர் அன்பர்கள், தாங்கள் பயன்படுத்திய மதிப்பீட்டுத் தாளின் மாதிரியைப் பகிர இயலுமா? ஒரு வார இறுதியில் இணையவழியாக எங்கள் பயிற்சிச் சுற்றைப் பார்த்துக் கருத்துக் கூற முன்வருவோர் இருந்தால், அவர்களுக்கு வசதியான நேரத்திலேயே அதை நடத்திக்கொள்கிறோம்.